4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர் பாடியை மாற்றி வடிவமைப்பது: பிடி, ஸ்விட்ச், அதிர்வு

வடிவமேசை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 100 மிமீ வீல் போடும் ஏஜி4 (4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர்) மெஷின் ஒன்றின் வெளிக்கூட்டைப் புதிதாக வரைகிறோம். கியர் ஹெட், ஸ்பிண்டில் (வீலைச் சுழற்றும் தண்டு) இரண்டிலும் கை வைக்க மாட்டோம். மோட்டாரும் முடிந்தவரை பழையதுதான். இப்போது இருப்பது:

750 வாட், சுமையில்லாமல் 11,000 ஆர்.பி.எம்.
கேபிள் நீங்கலாக எடை 1.65 கிலோ
கை பிடிக்கும் இடத்தில் பாடி வட்டம், விட்டம் 62 மிமீ
பக்கவாட்டில் ஸ்லைடு ஸ்விட்ச்
சைடு ஹேண்டில் கெட்டி நைலான், நடுவில் எம்10 போல்ட்

வேலை பெரும்பாலும் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஃபேப்ரிகேஷனில் வெல்டிங் மேடு தேய்ப்பது, இடையிடையே கட்டிங். ஆபரேட்டர்களின் புகார் மூன்று: பிடித்தால் கை நிறைந்து வழிகிறது, மாலையில் விரல் மரத்துப்போகிறது, கையுறை போட்டால் ஸ்விட்ச் தள்ள வரவில்லை. பாடி முழுக்க மென்ரப்பர் பூச்சு, அதாவது டி.பி.இ. ஓவர்மோல்டு கொடுக்கலாம் என்பது முதல் யோசனை. கருத்து சொல்லுங்கள்.

---

அச்சுக்கூடம்

முதல் யோசனையே முதல் புகாரைக் கூட்டும். டி.பி.இ. பூச்சு 1.5 மிமீக்குக் குறைந்தால் அச்சில் சரியாக நிரம்பாது, ஓரம் உரியும். 2 மிமீ என்று வைத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 4 மிமீ. அந்த அளவுக்கு உள்கூட்டைக் குடைய இடம் இல்லை என்றால் 62 என்பது 66 ஆகும்.

அதிர்வுக்கும் அது பதில் இல்லை. ஷோர் ஏ 60 கடினமுள்ள ரப்பரை 2 மிமீ தடிமனில் உள்ளங்கைப் பரப்புக்கு விரித்தால் அது ஸ்பிரிங் அல்ல, கிட்டத்தட்ட சுவர். கையின் எடையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் அதன் இயல்பதிர்வெண் (தட்டிவிட்டால் தானே அதிரும் வேகம்) 900 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும். அதைவிட நன்றாக வேகமான அதிர்வை மட்டுமே ரப்பர் குறைக்கும். 11,000 ஆர்.பி.எம். என்பது 183 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வு குறையாமல் அப்படியே கைக்குப் போகும்.

பூச்சினால் உண்மையில் கிடைப்பது வியர்வைக் கையில் வழுக்காத பிடி. அதற்குப் பாடி முழுக்க வேண்டாம், விரல்நுனியும் கட்டைவிரல் அடியும் படுகிற இரண்டு திட்டு போதும்.

---

ஆர்மேச்சர்காரர்

தடிமனைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றது மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த வகை பாடியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஃபீல்டு (மோட்டாரின் சுழலாத காந்தப் பகுதி) தகடுகள் முழு வட்டமாக இருக்காது. வெளிவிட்டம் 54 மிமீ என்றால் எதிரெதிரே இரண்டு பக்கம் தட்டையாக வெட்டி 47 மிமீ இருக்கும். அந்தத் தட்டைக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள பிறைவடிவ இடுக்குதான் காற்று போகும் வழி. இரண்டு பிறையும் சேர்ந்து சுமார் 125 சதுர மிமீ. ஃபேன் பின்னாலிருந்து காற்றை இழுத்து இந்த வழியாகத்தான் கியர் ஹெட் பக்கம் தள்ளுகிறது.

உங்கள் 62-ல் தேவையில்லாத சதை இருக்கிறது. சுவரை 2.2 மிமீ ஆக்கி, உட்புற ரிப்பை ஃபீல்டைத் தாங்கும் நான்கு மூலையில் மட்டும் வைத்தால் வட்டப் பக்கம் 59-க்கு வரும். தட்டைப் பக்கத்தை 54 வரை இறக்கலாம். 59×54 முட்டைவடிவம், சுற்றளவு 195 மிமீயிலிருந்து 178-க்கு இறங்கும். கையில் நன்றாகவே தெரியும் வித்தியாசம் இது.

54-க்குக் கீழே ஆசைப்பட வேண்டாம். 54-லேயே காற்றுவழி 70 சதுர மிமீ பக்கம் வந்துவிடுகிறது. ஃபேன் இறக்கையின் வெளிவிட்டத்தைக் கூட்டவோ, முன்பக்க வெளியேற்றத் துளையைப் பெரிதாக்கவோ செய்யாமல் இதை மட்டும் குறுக்கினால் காயில் சூடாகி வார்னிஷ் கருகும். பழைய பாடி, புதிய பாடி இரண்டிலும் ஒரே சுமையில் அரை மணி ஓட்டி, ஃபீல்டு காயிலின் மின்தடையை ஓடுமுன்பும் நிறுத்திய உடனும் அளந்து சூட்டை ஒப்பிடுங்கள். வெளியே தொட்டுப் பார்ப்பது ஆகாது.

மோட்டாரையும் மாற்றலாம் என்றால்: ஃபீல்டு 54-லிருந்து 50 ஆனால் அதே வாட்டேஜுக்கு ஸ்டாக் நீளம், அதாவது தகடு அடுக்கின் நீளம், சுமார் 17% கூட வேண்டும் (விட்டத்தின் வர்க்கம் × நீளம் என்ற கணக்கு). 32 மிமீ ஸ்டாக் 37, 38 ஆகும். மெஷின் அந்த அளவுக்கு நீளும்.

---

ஃபேப்_மாறன்

சார், பட்டறைல நடக்கறதை வெச்சு பேசறேன். பிடி பாடி மேலதான் இருக்கணும்னு ஏன் முடிவு பண்றீங்க? பிரஷ் ஹோல்டருக்குப் பின்னாடி மோட்டாரே கிடையாது. ஸ்விட்ச் வயரும் கெப்பாசிட்டரும்தான். அங்க 42, 44 மிமீ வரைக்கும் ஒல்லி ஆக்கலாமே. வால் மாதிரி நீட்டி விட்டா கை அழகா அடங்கும்.

அப்புறம் சைடு ஹேண்டில். யாரும் அதைப் போடறதில்லைன்னு எல்லாரும் திட்டுவாங்க. ஏன் போடறதில்லைன்னு பாருங்க: ஆங்கிள் மூலையில, பைப் நடுவுல நுழையாது. 100 மிமீ நீளம் எதுக்கு? 80 போதும். இடது, வலது மட்டும் துளை குடுத்து மேல குடுக்காம விடறாங்க. வீலைச் செங்குத்தா பிடிச்சு கட்டிங் பண்ணும்போது மேல்துளை இல்லாட்டி கைமணிக்கட்டு மடங்கித்தான் நிக்கும்.

வீலை மூடற கார்டும் அதே கதைதான். ஸ்குரூடிரைவர் எடுத்துத் திருப்பணும்னா ஒரு தடவை கழட்டினது திரும்ப ஏறாது. விரலால தூக்கித் திருப்பற கொக்கி குடுங்க, கார்டு மெஷின்லயே இருக்கும்.

---

ஆர்மேச்சர்காரர்

மாறன், வால் நீட்டும் யோசனைக்கு ஒரு விலை உண்டு. கியர் ஹெட் அலுமினியம், ஸ்பிண்டில், வீல், கார்டு எல்லாம் முன்னால். எடைமையம் ஃபீல்டின் முன்விளிம்பருகே விழும். இப்போது கையின் நடுவிலிருந்து அது 95 மிமீ முன்னால் இருப்பதாக வைத்தால், மணிக்கட்டில் விழும் முறுக்கம் 1.54 நியூட்டன் மீட்டர். கையை 25 மிமீ பின்னால் தள்ளினால் 1.94 ஆகும். கால் பங்கு கூடுகிறது. சைடு ஹேண்டில் பிடித்தால் இந்தப் பாரத்தை இடது கை வாங்கிக்கொள்ளும். பிடிக்காதவருக்கு மொத்தமும் வலது மணிக்கட்டில்.

இன்னொன்று: காற்று உள்ளே வரும் துளைகள் வாலில்தான் இருக்கின்றன. கை அங்கே போனால் பாதித் துளையை உள்ளங்கை மூடும். நீட்டுவதானால் துளைகளை வாலின் கடைசி 20 மிமீக்கு, நான்கு பக்கமும் பரவலாக நகர்த்துங்கள்.

---

ஃபேப்_மாறன்

சரி, ஒத்துக்கறேன். ஆனா 10, 12 மிமீ நீட்டி, சுண்டுவிரல் பக்கம் மட்டும் ஒல்லி ஆக்கலாம்ல? முழுக் கையும் பின்னாடி போக வேணாம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் 54-ல, கடைசி ரெண்டு விரல் 46-ல. சின்ன விரலுக்குத்தான் தடிமன் பாரம்.

---

வடிவமேசை

இது நன்றாக இருக்கிறது. வரைந்து பார்க்கிறோம். அதிர்வு பற்றி யாராவது? போன் செயலியில் அளந்தபோது பழைய மெஷினும் வேறு கம்பெனி மெஷினும் ஒரே எண்ணைக் காட்டின. பக்கவாட்டு ஹேண்டிலை மட்டும் ரப்பர் வைத்ததாக மாற்றினால் போதுமா?

---

அதிர்வுமானி

போனை விட்டுவிடுங்கள். 183 ஹெர்ட்ஸை அளக்க நொடிக்குக் குறைந்தது 366 தடவைக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும், நடைமுறையில் ஆயிரத்துக்கு மேல். பல போன் சென்சார்கள் நொடிக்கு 100 முதல் 500 வரைதான் எடுக்கும். அதற்கு மேற்பட்ட அதிர்வு மடங்கி வேறு அதிர்வெண்ணாகத் தெரியும். அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சிறிய மூன்று அச்சு ஆக்ஸிலரோமீட்டரை (அதிர்வு அளக்கும் சென்சார்) உலோகக் கிளாம்ப்பால் ஹேண்டிலில் இறுக்கி அளக்க வேண்டும். மென்ரப்பரின் மேல் ஒட்டினால் அதுவும் தவறு.

அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். கை அதிர்வை அதிர்வெண்ணுக்கு ஏற்ப எடை கொடுத்து மதிப்பிடும் முறை ஐ.எஸ்.ஓ. 5349. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002/44 உத்தரவின்படி 8 மணி நேரச் சராசரி 2.5 மீ/வி² தாண்டினால் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 மீ/வி² உச்சவரம்பு. ஹேண்டிலில் 7 மீ/வி² உள்ள மெஷினை ஏறக்குறைய 1 மணி நேரம் ஓட்டினாலே 2.5 தொட்டுவிடும், 4 மணி நேரத்தில் 5 வந்துவிடும். இது வீல் சுற்றும் நேரம் மட்டும், ஷிஃப்ட் நேரம் அல்ல. மாலையில் விரல் மரத்துப்போவது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. குளிர்நாட்டில் விரல் வெளுப்பதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். நம் ஊர் வெயிலில் வெளுப்புக்காகக் காத்திருந்தால் தெரியாமலே போகலாம், மரத்துப்போவதையே முதல் அறிகுறியாக எடுங்கள்.

மெஷின் அட்டையில் அச்சிடும் எண், ஐ.எஸ்.ஓ. 28927-1 முறையில் தெரிந்த அளவு சமனின்மை வைத்த அலுமினியச் சோதனைத்தட்டைப் போட்டுச் சுமையில்லாமல் அளப்பது. இரண்டு மெஷினை ஒப்பிட உதவும். பட்டறையில் தேய்ந்த வீலோடு கைக்கு வருவது வேறு.

அதிர்வின் பெரும்பங்கு வீலிலிருந்துதான். 6 மிமீ கிரைண்டிங் வீல் சுமார் 110 கிராம். உள் ஃபிளாஞ்சின் (வீல் உட்காரும் வட்டத்தட்டு) தோள் தேய்ந்து 16 மிமீ துளையில் ஆட்டம் இருந்து, வீல் 0.2 மிமீ மையம் விலகி உட்கார்ந்தால் 11,000 ஆர்.பி.எம்.மில் வெளித்தள்ளும் விசை சுமார் 29 நியூட்டன். கிட்டத்தட்ட 3 கிலோ பாரம் நொடிக்கு 183 தடவை சுற்றிச்சுற்றி இழுக்கிறது. ஐ.எஸ்.ஓ. 5349 முறையில் மதிப்பிட்டால் மெஷினின் மையத்திலேயே 1 மீ/வி² இதனால் மட்டும் வரும். ஹேண்டில் மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே இன்னும் கூடும். 1 மிமீ கட்டிங் வீலுக்கு எடை குறைவு, அதனால்தான் கட்டிங்கில் கை அவ்வளவு நடுங்குவதில்லை.

ஆகவே பாடியைத் தொடும் முன் ஃபிளாஞ்சைப் பாருங்கள். தோளின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து வரைபடத்தில் சகிப்பளவை (அனுமதிக்கும் அளவு விலகலை) இறுக்குங்கள், தோளைக் கடினப்படுத்துங்கள். மலிவான பாகம், பெரிய பலன்.

---

அச்சுக்கூடம்

பந்து வளையம் வைத்த தானியங்கிச் சமநிலைப்படுத்தி பற்றிச் சொல்லவில்லையே? அட்லஸ் காப்கோவின் காற்றுக் கிரைண்டர்களில் இருக்கிறது, மெட்டாபோவிலும் வந்தது.

---

அதிர்வுமானி

நல்ல பாகம்தான். வளையத்துக்குள் எண்ணெயில் மிதக்கும் குண்டுகள், வேகம் ஏறியதும் வீலின் கனமான பக்கத்துக்கு எதிரே போய் உட்காரும். வீல் தேயத் தேயத் தாமே இடம் மாறும். ஆனால் அது ஸ்பிண்டிலில் ஃபிளாஞ்சோடு சேர்ந்து வரும், கேள்வி கேட்டவர் ஸ்பிண்டிலைத் தொடமாட்டேன் என்கிறார். விலையும் ஏஜி4 சந்தைக்கு ஒத்துவராது. 5 இன்ச், 7 இன்ச்சுக்கு யோசிக்கலாம்.

ஹேண்டில் கேள்விக்கு வருகிறேன். ரப்பர் ஹேண்டில் போதுமா என்றால் இடது கைக்கு மட்டும் போதும். அதையும் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும்.

ஹேண்டிலும் அதைப் பிடித்த கையின் பங்கும் சேர்த்து 0.25 கிலோ என்று வையுங்கள். ரப்பர் புஷ்ஷின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 36 நியூட்டன் என்றால் இயல்பதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். சுமையில்லாத 183 ஹெர்ட்ஸில் 12% தான் கடந்து வரும். அழுத்தித் தேய்க்கும்போது வேகம் 7,500 ஆர்.பி.எம். ஆக விழும், அதாவது 125 ஹெர்ட்ஸ், அப்போது 30%. ரப்பரின் தணிப்பால் இரண்டும் கொஞ்சம் கூடும்.

“ஆடுகிறது” என்று யாரோ சொன்னார்கள் என்று ரப்பரை விறைப்பாக்கி இயல்பதிர்வெண்ணை 110-க்குக் கொண்டுபோனால், அதே 125 ஹெர்ட்ஸில் அதிர்வு மூன்று மடங்குக்கும் மேல் பெருகும். கெட்டி நைலான் ஹேண்டிலே அதைவிட நல்லது. சந்தையில் விற்கும் சில “ஆன்டி வைப்ரேஷன்” கைப்பிடிகள் பேருக்கு ஒரு ரப்பர் வளையம் வைத்து இந்த நிலைமையில்தான் இருக்கின்றன.

36-ல் ஆட்டம் எவ்வளவு? 50 நியூட்டன் அழுத்தத்துக்கு 1.4 மிமீ, 100-க்கு 2.8. ஆகவே 3 மிமீயில் கெட்டியான தடுப்பு வையுங்கள். வீல் சிக்கி மெஷின் உதறும்போது ஹேண்டில் உடனே தடுப்பில் மோதி நேரடிப் பிடி கிடைக்க வேண்டும்.

---

கம்பியில்லா_காலம்

இவ்வளவு சிரமம் எதற்கு? பேட்டரியும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத) மோட்டாரும் போட்டால் பாடி ஒல்லியாகும், பின்னால் பேட்டரி எடை வந்து முன்பாரமும் சமன்படும். கேபிளும் இல்லை.

---

ஆர்மேச்சர்காரர்

மூன்றும் உண்மை. ஆனால் 18 வோல்ட் 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 72 வாட்-மணி. வெல்டிங் மேடு தேய்க்கையில் 500 வாட் இழுத்தால் 9 நிமிடம்கூட வராது. 10 செல் பேட்டரி மெஷின் எடையில் அரை கிலோவுக்கு மேல் ஏற்றும். சைட்டில் ஏணி மேல் நின்று ரெண்டு போல்ட் வெட்டுகிறவருக்குச் சரி. நாள் முழுக்கத் தேய்க்கும் மேசைக்கு அல்ல.

---

வடிவமேசை

பேட்டரி இந்தத் திட்டத்தில் இல்லை. ஸ்விட்ச்சுக்கு வருவோம். பேடில் வகைக்கு, அதாவது நெம்பை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஓடுவதற்கு, போக நினைக்கிறோம்.

---

ஃபேப்_மாறன்

பேடில் பாதுகாப்புதான், கை விட்டா நின்னுடும். ஆனா 20, 25 நியூட்டன் ஸ்பிரிங்கை மணிக்கணக்கா அமுக்கிப் பிடிச்சா முன்கை இறுகிடும். அப்புறம் கேபிள் டை போட்டுக் கட்டிடுவாங்க, பாதுகாப்பும் போச்சு. ஸ்லைடையே வெச்சு மேடு உசரமா குடுங்க.

---

அதிர்வுமானி

கட்டுவதற்குக் காரணம் பேடில் அல்ல, அந்த ஸ்பிரிங். நெம்புகோலை நான்கு விரலும் படும்படி 95, 100 மிமீ நீளம் செய்து, நெம்பு திரும்பும் அச்சை முன்பக்கம் வைத்தால் பிடித்திருக்க 12 நியூட்டன் போதும். தவறி அமுங்காமல் இருக்கத் தனியாக ஒரு பூட்டு நாக்கு. கூடவே இறுகப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு கைக்குள் அதிகமாகப் போகும், அதனால் பலமான ஸ்பிரிங் இரண்டு வகையில் கெடுதல்.

ஸ்லைடுதான் என்றால் மின்சாரம் போய் வந்ததும் தானாக ஓடாத ரீஸ்டார்ட் தடுப்பு கட்டாயம். மின்வெட்டில் ஸ்விட்ச் ஆனிலேயே கிடக்கும் மெஷின், கரன்ட் வந்ததும் மேசையிலிருந்து குதிக்கும்.

---

ஃபேப்_மாறன்

12-ன்னா சரி. ஆனா பேடில் இடுக்குல இரும்புத் தூள் போய் சிக்கிக்கும், ஆஃப் ஆகாம நிக்கும். அதைப் பாத்துக்கங்க.

---

அச்சுக்கூடம்

மாறன் சொன்ன இடத்தில்தான் பேடில் மெஷின்கள் திரும்பி வரும். நெம்புகோலுக்கும் பாடிக்கும் இடையே சுற்றிலும் 1.2 மிமீக்குக் குறையாத இடைவெளி, கீழ்ப்பக்கம் திறந்த வாய், தூள் தங்க மூலை இருக்கக்கூடாது. ஸ்விட்ச்சை நேரடியாக நெம்பு அழுத்தாமல், ரப்பர் உறைக்குப் பின்னால் இருக்கும் தள்ளுகம்பி வழியாக அழுத்தட்டும்.

பாடி அச்சு பற்றிச் சில. இந்த மோட்டார் கூடு இரண்டு பாதி அல்ல, ஒரே குழாய். ஃபீல்டு முன்னாலிருந்து உள்ளே இறங்கும். உள்கோர் (குழாயின் துளையை உருவாக்கும் அச்சுப்பகுதி) நீண்டது, அது உருவி வர 0.5 பாகையாவது சரிவு வேண்டும், அதனால் முன்பக்கச் சுவர் ஒல்லியாகவும் பின்பக்கம் தடியாகவும் வரும். 2.2 மிமீ என்பதை முன்விளிம்பில் வைத்து வரையுங்கள், நடுவில் அல்ல. முட்டைவடிவக் குழாய் ஆறும்போது தட்டைப் பக்கம் உள்ளே வாங்கும். 30% கண்ணாடி நார் கலந்த நைலான் 6-ல் பின்பக்க 607 பேரிங் இருக்கை மையம் விலகினால் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) ஃபீல்டில் உரசும். இருக்கையை அச்சிலேயே முடிக்காமல் ரப்பர் கப் போட்டுப் பேரிங்கை உட்கார வைத்தால் சத்தமும் குறையும்.

ரப்பர் திட்டுக்கு நைலானோடு ஒட்டும் தரம் என்று கேட்டு வாங்குங்கள். பாலிபுரோப்பிலீனுக்கான சாதா டி.பி.இ. ஒட்டாது. டி.பி.இ.யில் எஸ்.இ.பி.எஸ். வகை கட்டிங் ஆயில் பட்டால் உப்பும். டி.பி.யு. (பாலியூரித்தேன்) வகை எண்ணெய் தாங்கும், ஆனால் அச்சுக்கு முன் நன்றாக உலர்த்த வேண்டும். எதுவானாலும் ஓரத்தை மேற்பரப்போடு சமமாக விடாமல் 0.8 மிமீ பள்ளத்தில் முடியுங்கள். உரியத் தொடங்குவது எப்போதும் ஓரத்தில்தான்.

---

வடிவமேசை

கைக்குக் கொடுத்துப் பார்க்க மாதிரி எப்படிச் செய்வது நல்லது? 3டி பிரிண்ட் பாடியில் மோட்டாரை ஏற்றி ஓட்டலாமா?

---

ஆர்மேச்சர்காரர்

வீல் போட்டு ஓட்டவே கூடாது. பிரிண்டுக்குப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 பாகை வாக்கில் இளகும், பேரிங் இருக்கை முதலில் போகும். அது மட்டுமல்ல, பிரிண்டின் அடுக்குகளுக்கு இடையில் இரும்புத் தூள் புகுந்தால் இரட்டைக் காப்பு (மின்சாரம் கைக்கு வராமல் தடுக்கும் இரண்டடுக்கு) என்பதே இல்லாமல் போகும்.

பிடி சோதனைக்கு மின்சாரமே வேண்டாம். பழுதான மெஷின் ஒன்றின் பாடியைத் தேய்த்துக் குறைத்து, கார் பாடிக்குப் பூசும் புட்டி வைத்து மூன்று வடிவம் செய்யுங்கள்: 59×54 நேராக, வால் ஒல்லியாக, வால் ஒல்லியாகி 12 மிமீ நீண்டதாக. மூன்றும் 1.65 கிலோவும் அதே எடைமையமும் வர ஈயத்துண்டு உள்ளே வைத்துக் கட்டுங்கள். எடை சரியில்லாத மாதிரியைக் கையில் கொடுத்தால் எல்லோருக்கும் ஒல்லியானதுதான் பிடிக்கும்.

கை அளவுக்கு, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-ல் வெளியிட்ட இந்திய உடலளவுத் தொகுப்பு உதவும். அதோடு 30-லிருந்து 70 மிமீ வரை சரியும் மரக்கூம்பு ஒன்றைக் கடைந்து, கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொள்ளும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கையுறையோடும் இல்லாமலும். நீங்கள் விற்கும் ஊர் ஆட்களின் கை அதிலேயே தெரியும்.

---

ஃபேப்_மாறன்

மாதிரியைக் குடுக்கும்போது மேசை முன்னாடி நின்னுக்கிட்டு மட்டும் பிடிக்கச் சொல்லாதீங்க. தலைக்கு மேல ஒண்ணு, முழங்கால் உசரத்துல ஒண்ணு, செங்குத்தா வெட்டற மாதிரி ஒண்ணு. கேபிளையும் மாட்டிக் குடுங்க. வால்ல நேரா வர்ற கேபிள் முன்கையில இடிக்கும், 15, 20 பாகை கீழ சாய்ச்சு விடுங்க.

---

வடிவமேசை

ஹேண்டிலில் கடைசியாக ஒரு சந்தேகம். ரப்பர் புஷ் கிழிந்துவிட்டால் ஹேண்டில் கையோடு வந்துவிடாதா? இயற்கை ரப்பரா, நைட்ரைலா?

---

அதிர்வுமானி

வராதபடி கட்ட வேண்டும். எம்10 தண்டு ரப்பரோடு நிற்காமல் கைப்பிடியின் உள்ளே கடைசிவரை போகட்டும், நுனியில் 22 மிமீ வாஷரும் பூட்டு நட்டும். அந்த வாஷர் கைப்பிடி உள்துளையைவிடப் பெரிதாக இருப்பதால் ரப்பர் முழுக்கக் கிழிந்தாலும் ஹேண்டில் லொடலொடக்கும், கழன்று வராது. லொடலொடப்பே மாற்ற வேண்டிய அறிகுறி. வீல் பக்கம் கை வழுக்காமல் 58 மிமீ தட்டு விளிம்பும் வையுங்கள்.

ரப்பர் இயற்கை வகை, ஷோர் ஏ 45. நைட்ரைல் எண்ணெய் தாங்கும், ஆனால் தணிப்பு அதிகம் என்பதால் 183 ஹெர்ட்ஸில் அதிகமாகக் கடத்தும். புஷ் இரண்டும் கைப்பிடிக்குள் மூடியிருந்தால் எண்ணெய் அதன்மேல் படாது. ஒரே ஒரு புஷ் வைத்தால் கைப்பிடி தலையாட்டும். தண்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, இடைவெளி 60 மிமீ. விறைப்பு 36 என்பது இரண்டும் சேர்ந்து, ஒன்றுக்கு 18. மாதிரி வந்ததும் முதலில் அதை ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு அளந்து பாருங்கள், ரப்பர் சப்ளையர் ஷோர் எண்ணை மட்டும் சொல்வார்.